கடல் பஞ்சில் இருந்து கீமோ மருந்து... அப்படியென்றால் கடல்பாசிப் பொடி கேன்சரைக் குணமாக்குமா?

வீட்டில் ஒருவருக்குக் கேன்சர் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்துவிட்டால் போதும், உறவினர்களின் வாட்ஸ்அப் மெசேஜ்கள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். முள் சீத்தா, கோதுமைப்புல் ஜூஸ் வரிசையில் இப்போது கடலும் சேர்ந்திருக்கிறது. ‘கேன்சர் செல்லைக் கொல்லும் கடல்பாசிப் பொடி’, ‘கடல் அட்டை சூப்’, ‘சுறா குருத்தெலும்பு கேப்ஸ்யூல்’ என்று விதவிதமான பெயர்கள். கடைசியில், ‘விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்’ என்று ஒரு வரியும் இருக்கும்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி வரி கொஞ்சம் கூடுதலாகவே நம்பும்படி இருக்கலாம். காரணம், இதே கடலூர் மாவட்டத்தில், பரங்கிப்பேட்டையில் கடல் உயிரினங்களில் கேன்சர் மருந்து தேடும் ஆய்வு உண்மையிலேயே நடந்திருக்கிறது. கடலில் இருந்து கேன்சர் மருந்து வந்திருப்பதும் உண்மை. ஆனால், அந்த மருந்துகள் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டால், பொடி டப்பாவுக்கும் ஆஸ்பத்திரி ஊசிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது புரிந்துவிடும்.

ஐம்பது வருடங்களாக ஆஸ்பத்திரியில் இருக்கும் கடல் மருந்து

‘சைட்டரபின்’ என்ற பெயரை ரத்தப் புற்றுநோய் வார்டில் இருந்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். தீவிர மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் இதுதான் அடிப்படை மருந்துகளில் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. இதன் கதை தொடங்கியது ஒரு கடல் பஞ்சில்.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக வேதியியலாளர் வெர்னர் பெர்க்மன், ஃப்ளோரிடா கடலில் எடுத்த ஒரு பஞ்சு உயிரினத்தில் விநோதமான இரண்டு பொருள்களைக் கண்டார். நம் உடலில் டி.என்.ஏ-வைக் கட்டும் செங்கல் போன்றவைதான் அவை. ஆனால், அதில் இருந்த சர்க்கரை மட்டும் வேறு வகை. அச்சு அசலாக நிஜச் செங்கல்போல இருக்கும் போலிச் செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் பெருகும் புற்றுச் செல் அந்தப் போலியை எடுத்து வைத்துக் கட்டினால், மேற்கொண்டு சுவர் எழும்பாது. இந்த யோசனையை வைத்து லேபில் உருவாக்கப்பட்டதுதான் சைட்டரபின். 1969-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பஞ்சை யாரும் அரைத்துக் குடிக்கவில்லை. பஞ்சு கொடுத்தது ஒரு யோசனை. மருந்தைச் செய்தது வேதியியல்.

கடலுக்கு அடியில் ஏன் இவ்வளவு விஷம்?

பஞ்சுக்கு ஓடத் தெரியாது. பல் கிடையாது, ஓடு கிடையாது. பாறையில் ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் வாழ்கிறது. மீன் கடிக்க வரும், பக்கத்தில் வளரும் இன்னொரு உயிர் இடத்தைப் பிடிக்க வரும். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இருக்கும் முக்கிய ஆயுதம் ரசாயனம். அதுவும் சுற்றிலும் தண்ணீர். வெளியே விட்ட உடனேயே கரைந்து நீர்த்துப்போகும். எனவே துளியூண்டு இருந்தாலும் வேலை செய்யும் அளவுக்கு அது வீரியமாக இருந்தாக வேண்டும்.

இப்படி வீரியமான பொருள்களில் சில, செல் பிரிந்து பெருகுவதைத் தடுக்கின்றன. புற்றுநோய் என்பதே கட்டுப்பாடு இல்லாமல் செல் பெருகுவதுதான். அதனால்தான் விஞ்ஞானிகளின் கண் கடல் மீது விழுந்தது.

விஷமும் மருந்தும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பது கடலூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சிதம்பரத்துக்குத் ‘தில்லை’ என்று பெயர் வரக் காரணமான தில்லை மரம், பிச்சாவரம் பகுதியில் வளரும் ஒரு கண்டல் மரம். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதே மரத்தின் சாற்றைத்தான் கேன்சர் செல்கள் மீது ஊற்றி ஆய்வகங்களில் சோதித்துப் பார்க்கிறார்கள். அதற்காக, தில்லைப் பாலைக் கையில் எடுக்க யாரும் துணிய மாட்டார்கள். கடல் பொருள்களுக்கும் அதே ஜாக்கிரதை வேண்டும்.

ஒரு டன் உயிரினம், ஒரு கிராம் மருந்து

சைட்டரபினுக்குப் பிறகு கடலில் இருந்து வந்த சில முக்கியமான கேன்சர் மருந்துகள் இவை.

டிரபெக்டெடின்: தொட்டால் தண்ணீரைப் பீய்ச்சும் ‘சீ ஸ்குவிர்ட்’ என்ற சின்னக் குடுவை போன்ற உயிரினத்தில் கிடைத்தது. அதன் சாறு புற்றுச் செல்லைத் தடுக்கிறது என்று 1969-லேயே தெரிந்துவிட்டது. ஆனால், ஒரு கிராம் மருந்துக்குச் சுமார் ஒரு டன் உயிரினம் தேவைப்பட்டது. கடலில் பண்ணை வைத்து வளர்த்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. கடைசியில், ஒரு பாக்டீரியா தரும் வேறொரு பொருளில் இருந்து இதைத் தயாரிக்கும் வழியை ஸ்பெயின் நாட்டின் ஃபார்மாமார் நிறுவனம் கண்டுபிடித்தது. தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுநோய்க்கு 2007-ல் ஐரோப்பா ஒப்புதல் கொடுத்தது. மொத்தம் 38 வருடங்கள்.

எரிபுலின்: 1986-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு கருப்புக் கடல் பஞ்சில் ‘ஹாலிகாண்ட்ரின் பி’ என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். பிறகு நியூசிலாந்துக் கடலில் இதே பொருள் இருக்கும் வேறொரு பஞ்சை ஒரு டன் அள்ளியும் கிடைத்தது சுமார் 300 மில்லிகிராம்தான். 1992-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் யோஷிடோ கிஷி குழு இதை லேபிலேயே முழுதாக உருவாக்கிக் காட்டியது. அந்த மூலக்கூறின் எந்தப் பாதி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் எளிதாக்கி உருவாக்கியதுதான் எரிபுலின். உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்காக 2010-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 24 வருடங்கள்.

பிரென்டக்ஸிமாப் வெடோடின்: பெயர்தான் வாயில் நுழையாது, கதை சுவாரஸ்யமானது. இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸ் அருகே 1972-ல் எடுக்கப்பட்ட ‘கடல் முயல்’ என்ற ஓடில்லாத நத்தைதான் தொடக்கம். அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த ராபர்ட் பெட்டிட் குழு அதிலிருந்து ‘டோலாஸ்டாட்டின் 10’ என்ற பொருளைப் பிரித்தது. அதன் அடிப்படையில் செய்யப்பட்ட ரசாயனம் அப்படியே உடம்பில் ஏற்ற முடியாத அளவுக்கு விஷம். எனவே, புற்றுச் செல்லைத் தேடிப்போய் ஒட்டும் ஒரு எதிர்ப்புப் புரதத்தோடு அதைக் கட்டி அனுப்பினார்கள். விலாசம் எழுதி ஒட்டிய பார்சல் மாதிரி. அந்த விலாசத்தில்தான் பார்சல் பிரியும். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்கு 2011-ல் ஒப்புதல். 39 வருடங்கள்.

2020-ல் லுர்பினெக்டெடின் என்ற இன்னொரு மருந்துக்கு, ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இது டிரபெக்டெடினின் உறவுக்கார மூலக்கூறு.

ஜெயித்த கதைகள் மட்டுமே இருப்பதாக நினைக்க வேண்டாம். கப்பலின் அடியில் பாசிபோல ஒட்டிக்கொள்ளும் ஓர் உயிரினத்தில் கிடைத்த ‘பிரையோஸ்டாட்டின்’ மீது 1980-களில் பெரிய நம்பிக்கை இருந்தது. 18 கிராம் பொருளுக்காக டன் டன்னாகக் கடலில் இருந்து அள்ளினார்கள். பல மருத்துவச் சோதனைகள் நடந்தும், கேன்சர் மருந்தாக அது தேறவில்லை.

வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில்...

நெய்வேலிக்குத் தெற்கே சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாக ஓடிவரும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தின் கரையில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி.சேஷய்யா தொடங்கிவைத்த துறை இது. ஆறு, கடல், உப்பங்கழி, கண்டல் காடு என்று எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடம் என்பதால், கடல் உயிரியல் படிக்கும் மாணவர்களுக்கு இது பெரிய வரம்.

இந்த மையத்தைச் சேர்ந்த பூபதி, கதிரேசன் இருவரும் 2010-ல் ‘ஜர்னல் ஆஃப் ஆங்காலஜி’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கடலில் வாழும் பாக்டீரியா, பூஞ்சை, நுண்பாசி, கடல்பாசி, கண்டல் தாவரங்கள் ஆகியவற்றில் இருந்து கேன்சர் மருந்து தேடும் முயற்சி எந்த நிலையில் இருக்கிறது என்று தொகுத்துச் சொன்ன கட்டுரை அது. ‘செரியாப்ஸ்’ என்ற கண்டல் செடியில் இருந்து தேநீர்போல எடுத்த சாற்றை, வாய்ப்புற்று உண்டாக்கப்பட்ட ஹாம்ஸ்டர் எலிகளிடம் சோதித்துப் பார்த்த ஆய்வும் இவர்கள் பெயரில் வந்திருக்கிறது. வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று அதிகம் வரும் நம் நாட்டில் இப்படி ஒரு தேடல் நடப்பது இயல்புதான்.

பஞ்சையும் நத்தையையும் விட்டுவிட்டு ஏன் பாக்டீரியா, பாசி என்று போகிறார்கள்? அதற்கும் காரணம் இருக்கிறது. கடல் முயலில் கிடைத்த டோலாஸ்டாட்டினை உண்மையில் தயாரிப்பது அது தின்னும் நீலப்பச்சைப் பாசி என்று பின்னாளில் தெரியவந்தது. சீ ஸ்குவிர்ட் மருந்துக்கும் அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவே காரணம். அப்படியென்றால் கடல் உயிரினத்தை டன் கணக்கில் கொல்ல வேண்டாம், ஒரு சிட்டிகைச் சேற்றில் இருக்கும் நுண்ணுயிரைப் பிரித்து லேபில் வளர்த்தால் போதும். பிச்சாவரம் சேறு இதனால்தான் மதிப்பு மிக்கது.

பிச்சாவரம் 2022-ல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2004 சுனாமியின்போது கண்டல் காடு இருந்த பகுதிக் கிராமங்களில் சேதம் குறைவாக இருந்ததைக் கதிரேசனும் சக ஆய்வாளரும் 2005-ல் பதிவு செய்தார்கள். ஊரைக் காத்த அதே காட்டின் அடிச்சேற்றில் நாளைய மருந்து ஒன்றும் இருக்கலாம். அப்படி ஏதாவது கிடைத்தால், வெளிநாட்டு நிறுவனம் சும்மா அள்ளிக்கொண்டு போய்விட முடியாது. 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டும், பலனையும் பகிர வேண்டும்.

சரி, பரங்கிப்பேட்டையில் இருந்து கேன்சர் மருந்து வந்துவிட்டதா? இதுவரை இல்லை. இதில் ஏமாற ஒன்றும் இல்லை என்பது நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். 1935-ல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக ஏதோ வந்தது. என்.எல்.சி. நிறுவனம் தொடங்கியது 1956-ல். நிலக்கரி வெளியே வந்தது 1961-ல். மின்சாரம் கிடைத்தது 1962-ல். கருப்பு மண்ணைக் கையில் எடுத்ததற்கும் பல்பு எரிந்ததற்கும் நடுவில் 27 வருடங்கள். கடல் மருந்தும் அப்படித்தான்.

தட்டில் செத்தால் போதுமா?

‘கடல்பாசிச் சாறு கேன்சர் செல்லைக் கொன்றது’ என்று செய்தி வந்தால், பெரும்பாலும் அதன் அர்த்தம், லேபில் ஒரு கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள் மீது சாற்றை ஊற்றினார்கள், செல் செத்தது என்பதுதான். தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது கஷ்டமே இல்லை. உப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும் செத்துவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டாலும் செத்துவிடும்.

உண்மையான கேள்விகள் அதற்குப் பிறகுதான் வரும். நல்ல செல்லை விட்டுவிட்டுப் புற்றுச் செல்லை மட்டும் தாக்குமா? வாய் வழியாகப் போனால் வயிற்றிலேயே செரித்துவிடாமல் ரத்தத்தில் கலக்குமா? கல்லீரல், சிறுநீரகம் தாங்குமா? எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு தாண்டினால் விஷம்? இதற்கெல்லாம் விலங்குகளில் சோதனை, பிறகு மனிதர்களில் மூன்று கட்டச் சோதனை, அதன் பிறகே அரசு ஒப்புதல். தட்டில் ஜெயித்தவற்றில் மிகப்பெரும்பாலானவை இந்த வழியில் எங்காவது ஒரு படியில் நின்றுபோகின்றன.

கடல்பாசியிலும் இதே கதைதான். பழுப்புப் பாசிகளில் இருக்கும் ‘ஃபுகாய்டன்’ பற்றி ஏராளமான லேப் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால், பாசியில் இருந்து எடுத்த ஃபுகாய்டன் எதுவும் கேன்சரைக் குணப்படுத்தும் மருந்தாக ஒப்புதல் பெறவில்லை.

சுறா கற்றுக்கொடுத்த பாடம்

‘சுறாவுக்குக் கேன்சரே வராது’ என்ற பேச்சு 1990-களில் அமெரிக்காவில் பெரிதாகக் கிளம்பியது. சுறாவின் குருத்தெலும்புப் பொடி மாத்திரைகள் கடை கடையாக விற்றன. முதலில், சுறாவுக்குக் கேன்சர் வராது என்பதே தவறு. கட்டிகள் உள்ள சுறாக்கள் ஆய்வில் பதிவாகியிருக்கின்றன. இரண்டாவதாக, நுரையீரல் புற்றுநோயாளிகள் 379 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் முறையாகச் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு சுறா குருத்தெலும்புச் சாறும் குடித்தவர்களுக்கும், போலித் திரவம் குடித்தவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசமே இல்லை. 2010-ல் இந்த முடிவு வெளியானது. சுறா புட்டு ருசிக்காகச் சாப்பிட வேண்டிய உணவு, அவ்வளவுதான்.

கடல் அட்டை விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2001 முதல் எல்லா வகைக் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இந்தியக் கடலில் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ‘ராமேஸ்வரத்தில் இருந்து வரவழைத்துத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால், அது மருந்தும் இல்லை, சட்டப்படியான சரக்கும் இல்லை.

நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும்?

‘ஒரு மாதம் இதைச் சாப்பிட்டுப் பார்ப்போம், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்’ என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, உடலில் பரவாத நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று வழிகளை மட்டும் நம்பிய 281 பேரை, அதே போன்ற நோய்நிலையில் முறையான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டது. மாற்று வழியை மட்டும் நம்பியவர்களுக்கு மரண அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல். இவர்களில் பலர் ஆரம்பத்திலேயே சிகிச்சை எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கக் கூடியவர்கள்.

நெய்வேலியில் இருந்து மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்கோ, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கோ போவது அலைச்சல்தான். கீமோவின் வாந்தியும் முடி உதிர்வும் பயமுறுத்தும்தான். அந்தப் பயத்தில் இருக்கும் குடும்பத்துக்கு, வீட்டிலேயே உட்கார்ந்து குடிக்கும் ஒரு பொடி எவ்வளவு ஆறுதலாகத் தெரியும் என்பது புரிந்துகொள்ளக் கூடியது. ஆனால், கடல் தந்த நிஜமான மருந்து அந்த கீமோ பாட்டிலிலேயே இருக்கலாம் என்பதையும் அந்தக் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாராவது கடல் மருந்து சொன்னால், இதைக் கேளுங்கள்

* இது எந்த வகைக் கேன்சருக்கு? ‘எல்லா கேன்சருக்கும்’ என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நிஜமான கடல் மருந்துகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில வகைகளுக்கு மட்டுமே தரப்படுகின்றன.

* தட்டிலா, எலியிலா, மனிதரிலா, எதில் சோதித்தார்கள்? மனிதரில் என்றால் எத்தனை பேரிடம்?

* அளவு என்ன? ஒரு ஸ்பூன் பொடியில் எத்தனை மில்லிகிராம் மருந்துப் பொருள் என்று சொல்ல முடியாவிட்டால் அது மருந்து ஆகாது.

* ஆஸ்பத்திரி சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறார்களா? இப்படிச் சொல்பவரின் மற்ற எந்தப் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை.

* ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்துவிட்டீர்களா? ‘திட்டுவாரோ’ என்று மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கடல்பாசியில் அயோடின் மிக அதிகம். தைராய்டு கேன்சருக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை எடுக்கப்போகிறவர்கள் அதற்கு முன் அயோடின் குறைந்த உணவு சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் பாசிப் பொடி எடுத்தால் சிகிச்சையே பலிக்காமல் போகலாம்.

வீட்டில் பெரியவர்கள், ‘பச்சிலையில் கிடைக்காத மருந்தா?’ என்று கேட்டால், அவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியில் இருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற கேன்சர் மருந்து வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிறார்கள். அதற்காக யாரும் அந்த இலையைக் கஷாயம் வைத்துக் குழந்தைக்குக் கொடுப்பதில்லை. மில்லிகிராம் கணக்குப் பார்த்து, நரம்பில், டாக்டர் முன்னிலையில் ஏற்றுகிறார்கள். கடல் பஞ்சு, கடல் முயல், பிச்சாவரம் சேறு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.